காலி பண்ணியது யார்?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சமாசாரம்தான்: ஜனத்தொகை குறைகிறதாமே! இருபது வருஷத்துக்கு முன்பு இதே வாசகர்கள் "பெருகுகிறதாமே" என்று கவலைப்பட்டு எழுதினார்கள். எனவே சினிமா, கிரிக்கெட், "கடவுள் உண்டா?" மூன்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கடவுள் காத்திருப்பார், நடிகர்களின் ரசிகர்கள்தான் கோபிப்பார்கள்.

கோவில்பட்டி வாசகர்: செய்திகளில் அடிபடும் 'டீபாப்புலேஷன்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? தமிழில் ஒரே சொல்லில் சொல்லுங்கள் பார்க்கலாம்.

சவாலா? ஒரே சொல்லில் சொன்னால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். பிறப்பை இறப்பு மிஞ்சி ஜனம் குறைவதையும் அந்தச் சொல்லால் எழுதுகிறார்கள். பிழைப்பு தேடி ஜனம் வெளியேறி ஊர் வெறிச்சோடுவதையும் அதே சொல்லால் எழுதுகிறார்கள். ஒரு படையோ அரசோ ஜமீனோ வந்து ஜனத்தை விரட்டுவதும் அதே சொல்தான். மூன்றிலும் கடைசியில் மிஞ்சுவது பூட்டிய வீடு. ஆனால் பூட்டியது யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இலத்தீன் மூலத்துக்குப் பொருள் 'சூறையாடிப் பாழாக்கு' என்பது. அதாவது ஒருவன் இன்னொருவனுக்குச் செய்வது. காலப்போக்கில் செய்தவன் நைஸாக நழுவிவிட்டான். இப்போது "ஊர் காலியாகிவிட்டது" என்று எழுதுகிறார்கள். காலி பண்ணியது யார் என்று கேட்டால் பதில் இல்லை. இந்த இதழ் முழுக்க நான் கேட்கப்போவது அதைத்தான்.

கும்பகோணம், ஓய்வு பெற்ற ஆசிரியை: அப்படியென்றால் தமிழில் இதற்குச் சொல்லே கிடையாதா?

டீச்சர், உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயில் கல்வெட்டுகளில் 'குடிநீங்காத் தேவதானம்' என்ற தொடரைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்தாயிற்று, அதில் இருந்த குடிகளை அகற்றவில்லை என்று பொருள். அதற்கு எதிரானது பல்லவர் செப்பேடுகளில் வரும் 'குடி நீக்கி'. பிராமணர்களுக்குப் பிரமதேயமாக ஓர் ஊரைக் கொடுக்கும்போது முன்பு பெற்றிருந்தவர்களை மாற்றி, குடி நீக்கிக் கொடுத்தோம் என்று எழுதினார்கள். இங்கே 'குடி' என்பது உழுதவர்களைக் குறிக்கிறதா, அவர்களுடைய உரிமையை மட்டும் குறிக்கிறதா என்று அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. வழக்கு தீரும்வரை நாம் இலக்கணத்தை ரசிக்கலாம்.

நீங்கு என்றால் தன்வினை. நீக்கு என்றால் பிறவினை. 'ங்' போய் 'க்' வந்ததும் குடி தானாகப் போகவில்லை, போக்கினார்கள் என்று தெரிந்துவிடுகிறது. செய்ததை மறைக்காமல் எழுதிவைத்த அந்த ராஜாங்கத்து எழுத்தரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. இன்றைக்கு அந்த ஆளுக்கு எந்த அரசிலும் மக்கள் தொடர்புத் துறையில் வேலை கிடைக்காது.

அதற்கும் முந்திய காலத்தில் வென்ற அரசன் தோற்றவன் ஊரைக் கழுதை பூட்டிய ஏரால் உழுது விதை போடுவான். புறப்பொருள் வெண்பாமாலை அதற்கு 'உழுது வித்திடுதல்' என்று ஒரு துறையே வகுத்திருக்கிறது. ஊரைக் காலி பண்ணுவதற்கு இலக்கணம் எழுதிய இனம் நாம். சொல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பொள்ளாச்சி வாசகர்: 'டெசிமேட்' என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. ரோமானியப் படையில் ஒரு பிரிவு கலகம் செய்தாலோ பயந்து ஓடினாலோ, சீட்டுப் போட்டுப் பத்துக்கு ஒருவனைக் கொல்வார்கள். அதுதான் டெசிமேட். இப்போது பத்தில் ஒன்பது போனாலும் ஆங்கிலப் பத்திரிகைகள் டெசிமேட் என்கின்றன. சொல் இருக்கிறது, கணக்குத்தான் செத்துவிட்டது.

நாமக்கல் வாசகர்: பண்ணை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் வந்த பண்ணைகளை 'டீபாப்புலேட்' செய்தார்கள் என்று வாட்ஸப்பில் வந்தது. கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றினார்களா?

மேலோகத்துக்கு மாற்றினார்கள்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள். நோயோ பேரிடரோ வந்தால் ஒரு கொட்டகையில் உள்ள அத்தனை உயிரையும் குறுகிய நேரத்தில் கொல்வது. இறைச்சிக்கு வெட்டுவது வேறு, வேதனை தீரக் கருணையோடு கொல்வது வேறு, இது மூன்றாவது வகை. அவர்களுடைய கால்நடை மருத்துவர் சங்கம் 2019இல் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. கரியமில வாயு, நுரை, கடைசி வழியாகக் காற்றோட்டத்தை அடைத்துச் சூட்டை ஏற்றுவது என்று முறைகள் அதில் இருக்கின்றன. 2022 தொடங்கி அங்கே இப்படிப் போன பறவைகள் 10 கோடிக்கும் மேல்.

கொட்டகைக்குள் நடந்தது என்ன என்று அந்தச் சொல்லிலிருந்து யாருக்கும் தெரியாது. நம் பத்திரிகைகள் கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வந்த குட்டநாட்டு வாத்துகளைப் பற்றி எழுதும்போது 'கொன்று அழித்தார்கள்' என்றே எழுதுகின்றன. படிக்கச் சங்கடம்தான். ஆனால் விஷயம் புரிகிறது.

சென்னை, மயிலாப்பூர் வாசகர்: ஸ்பெயினில் 'காலி ஊர்'களுக்காகக் கட்சியே இருக்கிறதாம். உண்மையா, உங்கள் கற்பனையா?

எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. 2016இல் செர்கியோ தெல் மொலினோ என்ற எழுத்தாளர் ஒரு நூல் எழுதினார். ஸ்பெயினின் உள்நாட்டுப் பகுதிகள் எப்படி ஆளற்றுப்போயின என்பது பற்றியது. தலைப்பு 'லா எஸ்பாஞா வாசீயா', அதாவது வெற்று ஸ்பெயின். நூல் பிரமாதமாகப் போயிற்று, அந்தத் தொடர் எல்லார் வாயிலும் புகுந்தது. அப்போதுதான் அந்த ஊர்க்காரர்கள் எழுந்து, வாசீயா இல்லை, 'வாசியாதா' என்றார்கள். வெறுமையான ஸ்பெயின் அல்ல, வெறுமையாக்கப்பட்ட ஸ்பெயின். ரயிலை நிறுத்தியது யார்? தொழிற்சாலையெல்லாம் மாட்ரிட், பார்சலோனா, பாஸ்க் பக்கம் போனது யார் கொள்கையால்? அந்தச் சொல்லைப் பதாகையில் எழுதிக்கொண்டு 2019 மார்ச் 31 அன்று மாட்ரிட்டில் பெரிய பேரணி நடத்தினார்கள்.

தெருவேல் என்ற மாகாணத்தில் 1999 முதலே 'தெருவேல் எக்சிஸ்தே' என்ற இயக்கம் இருந்தது. "தெருவேல் இருக்கிறது" என்று பொருள். பெயரைப் பாருங்கள்! பென்ஷன் ஆபீசில் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கும் நம் பெரியவர்கள் மாதிரி ஒரு மாகாணமே எழுந்து நின்று சொல்கிறது. அது 2019 நவம்பர் தேர்தலில் நின்று நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தையும் பிடித்தது. அடுத்த அரசு அமைந்ததே சொற்ப வாக்கு வித்தியாசத்தில். அந்த ஒரு வாக்குக்கு அன்றைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கு, நீக்கு என்று டீச்சரிடம் சொன்னேனே, அவர்கள் சண்டை போட்டது அந்த ஓர் எழுத்துக்காகத்தான்.

திண்டுக்கல் வாசகர்: இத்தாலியில் 1 யூரோவுக்கு வீடு விற்கிறார்களாம். ஒன்று வாங்கிப் போடலாமா?

தாராளமாக. சிசிலியின் சம்பூக்கா ஊர் 2019இல் அப்படி விற்றது. கூடவே 5,000 யூரோ டெபாசிட் கட்டவேண்டும், மூன்று வருஷத்துக்குள் குறைந்தது 15,000 யூரோ செலவு செய்து பழுது பார்க்கவேண்டும். 1 யூரோ என்பது வீட்டு விலை அல்ல, விளம்பரச் செலவு. அதைவிட உங்கள் பாட்டி வீட்டு ஓட்டை மாற்றுங்கள்.

மதுரை வாசகர்: ஜப்பானில் ஆளே இல்லையாமே?

12 கோடிக்கு மேல் இருக்கிறார்கள். பதறாதீர்கள். ஆனால் உச்சத்தைத் தொட்டது 2008 வாக்கில், அதிலிருந்து இறங்குமுகம். 2024இல் அங்கே பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் சுமார் 6,86,000. கணக்கு எடுக்க ஆரம்பித்ததிலிருந்து 7 லட்சத்துக்குக் கீழே போனது அதுவே முதல் முறை. ஒரு பெரிய காகிதக் கம்பெனி அதே வருஷம், உள்நாட்டில் குழந்தைகளுக்கான டயப்பர் செய்வதை நிறுத்தி முதியோர் டயப்பரில் கவனம் வைக்கப்போவதாக அறிவித்தது.

ஜப்பானியர்கள் இந்த விவகாரத்துக்குச் சொற்களை வரிசையாக உண்டாக்கிக்கொண்டே வந்தார்கள். 1960களில் இளைஞர்கள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் கிளம்பியபோது 'கசோ' என்றார்கள். அளவுக்கு மீறி ஆள் குறைந்த இடம். 1970இல் அதற்கு ஒரு சிறப்புச் சட்டம் போட்டார்கள், பத்து வருஷத்துக்கு மட்டும் என்று. வேறு வேறு பெயரில் இன்றைக்கும் அது நடக்கிறது. தற்காலிகச் சட்டங்களின் ஆயுள் எல்லா நாட்டிலும் கெட்டிதான். பிறகு கொச்சிப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஓனோ அகிரா 1980களின் கடைசியில் 'கென்காய் ஷூராகு' என்றார். நம் கொச்சி அல்ல, ஷிகோகு தீவின் கொச்சி. விளிம்பில் நிற்கும் சிற்றூர் என்று கொள்ளலாம். ஊரில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள், வாய்க்கால் வெட்டவும் சாவுக்குத் தோள் கொடுக்கவும் ஆள் திரட்ட முடியாத நிலை. இதுதான் அவருடைய அளவுகோல். வெறும் தலைக்கணக்காக விடாமல் சேர்ந்து செய்கிற வேலையையும் அவர் சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஊர் என்பது அதுதானே?

அதே ஷிகோகுவில் நகோரோ என்ற மலையூர். வயலில் காக்கை விரட்ட ஒரு பெண்மணி வைக்கோல் பொம்மை செய்தார், தம் அப்பாவின் சாயலில். பிறகு ஊரை விட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை. பஸ் நிறுத்தத்தில் பொம்மை, தந்திக் கம்பத்தடியில் பொம்மை. பள்ளிக்கூடம் 2012இல் மூடப்பட்டது. அதன் வகுப்பறையில் பொம்மைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பொம்மை வாத்தியார் நிற்கிறார். ஜனத்தைவிடப் பொம்மை பல மடங்கு. வேடிக்கை பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள்.

வடக்கே ஹொக்கைடோவில் யூபரி. நிலக்கரிச் சுரங்க ஊர். 1960இல் ஒரு லட்சத்துக்கு மேல் ஜனம், இன்று 7,000க்கும் கீழே. நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு நாடு மாறியதும் சுரங்கங்கள் மூடின. சுற்றுலாவில் பிழைத்துக்கொள்ளலாம் என்று நகராட்சி கடன் வாங்கிக் கேளிக்கைப் பூங்கா கட்டியது. 2007இல் திவால். அங்கே பிள்ளை பெறாததால் ஊர் காலியாகவில்லை. வேலை போனதால் காலியாயிற்று. இரண்டையும் ஒரே பையில் போட்டு, "ஜப்பானில் ஆள் இல்லை" என்று செய்தி போடுகிறார்கள்.

திருப்பூர் வாசகர்: ஜனம் குறைந்தால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், நல்லதுதானே?

ஒசாகா பக்கம் ஒரு பஸ் கம்பெனி 2023 டிசம்பரில் எல்லா ரூட்டையும் நிறுத்திவிட்டது. ஓட்டுநர் கிடைக்கவில்லை. இடம் இருக்கும், பஸ் இருக்காது.

தேனி வாசகர்: 'பதினாறும் பெற்று' என்று வாழ்த்துவது இனி சட்டமாகிவிடுமா?

அந்தப் பதினாறு பிள்ளைகள் அல்ல ஐயா. கல்வி, புகழ், பொருள், நோயின்மை என்று போகும் பதினாறு பேறுகள். நன்மக்கள் என்பது அதில் ஒன்று. பதினைந்து பாக்கி இருக்கின்றன, அவற்றைப் பற்றி எந்த அரசாங்கமும் பேசுவதில்லை.

2024 அக்டோபரில் சென்னையில் நடந்த திருமண விழாவில் முதல்வர் ஸ்டாலின், தொகுதி மறுவரையறையை மனத்தில் வைத்துப் 'பதினாறு பிள்ளை பெற்றால் என்ன?' என்கிற தோரணையில் கேலியாகப் பேசினார். அதற்குச் சில நாள் முன்புதான் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, கூடுதலாகப் பெறுங்கள் என்று சீரியஸாகவே சொன்னார். இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்ற பழைய விதியை ஆந்திர சட்டமன்றம் அந்த நவம்பரிலேயே நீக்கியது.

கேலிக்குப் பின்னால் நியாயமான பயம் உண்டு. 1976இல் 42ஆவது திருத்தம், நாடாளுமன்ற இடப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு உறைய வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் இடம் இழக்கக்கூடாது என்பதற்காக. பிறகு 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டியது. சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைக்குப் பந்தியில் இலை குறையும் என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த வழக்கை டில்லியில் நடத்தவேண்டும், பிரசவ வார்டில் அல்ல.

விருதுநகர் வாசகர்: தமிழ்நாட்டில் ஜனத்தொகை குறைய ஆரம்பித்துவிட்டதா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் தேவை.

இல்லை.

(ஒரு சொல் கேட்டீர்கள், கொடுத்தேன். மற்றவர்களுக்காக: குறைந்திருப்பது பிறப்பு விகிதம். ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 பிள்ளை இருந்தால் தலைமுறை ஈடாகும். மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 2020இல் அது 1.4. ஆனால் முன்பு நிறையப் பிறந்தவர்கள் இப்போது நடு வயதில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்வரை மொத்தத் தொகை உடனே சரியாது. பிரேக் போட்ட பஸ் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். "பிறப்பு குறைந்தது" என்பதை "மக்கள்தொகை குறைந்தது" என்று தலைப்புப் போடும் உதவி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் சம்பளத்தைக் குறைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் புரியும்.)

சேலம் வாசகி: பெண்கள் படித்து வேலைக்குப் போனதால்தான் பிள்ளை குறைந்தது, அதனால்தான் நாடே காலியாகிறது என்கிறார் என் மாமியார். என்ன பதில் சொல்ல?

படித்ததால் குறைந்தது என்பது உண்மைதான். அதைப் பாராட்டாகச் சொல்லாமல் குற்றச்சாட்டாகச் சொல்வதில்தான் உங்கள் மாமியார் தனித்து நிற்கிறார் என்று எழுத ஆசை. ஆனால் அவருக்குப் பெரிய இடத்துத் துணை இருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் கணக்கெடுப்பு 1951இல். ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி, ஐ.சி.எஸ். மூன்று பிள்ளை பெற்ற தாய் அதற்கு மேலும் பெறுவதற்கு அவர் அறிக்கையில் வைத்த பெயர் 'இம்ப்ராவிடென்ட் மெட்டர்னிட்டி'. முன்யோசனை இல்லாத தாய்மை! தந்தைமைக்கு முன்யோசனை இருந்ததா என்று அறிக்கை விசாரிக்கவில்லை. பின்னர் 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம், கருத்தடை அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பணம் கொடுத்தது. அப்போது பெரும்பாலும் ஆண்கள்தான் மேஜையில் படுத்தார்கள். நெருக்கடி நிலைக்குப் பிறகு அந்த வேலையும் பெண் தலையில் வந்து விழுந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்திய அளவில் பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை அறுவை 0.3.

அது பெருகிய காலத்துக் கதை. குறைகிற காலத்தில் மட்டும் யோக்கியமா? 2007 ஜனவரியில் ஜப்பானின் சுகாதார அமைச்சர் யானகிசாவா ஹகுவோ ஒரு கூட்டத்தில் பெண்களைப் 'பிள்ளை பெறும் இயந்திரங்கள்' என்றார். அவற்றின் எண்ணிக்கை இவ்வளவுதான், ஆகவே ஒவ்வொருவரும் தம் பங்குக்கு உழைத்துத்தான் ஆகவேண்டும் என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார். 2016 டிசம்பரில் தென்கொரிய உள்துறை அமைச்சகம், எந்த மாவட்டத்தில் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் எத்தனை பேர் என்று இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு வரைபடம் வெளியிட்டது. எந்த மாவட்டத்தில் கறவை மாடு எத்தனை என்று கால்நடைத் துறை போடுமே, அது நினைவுக்கு வந்தது பெண்களுக்கு. அவர்கள் போட்ட சத்தத்தில் அந்தத் தளத்தை உடனே மூடினார்கள். அங்கே பிறப்பு விகிதம் 2023இல் 0.72க்கு இறங்கியது. வரைபடம் பலன் தரவில்லை என்று தெரிகிறது.

இன்னும் நாசூக்கான ஒன்று உண்டு. ஜப்பானின் முன்னாள் அமைச்சர் மசுதா ஹிரோயா தலைமையிலான குழு 2014இல், 896 உள்ளாட்சிகள் 'மறைந்துபோகக்கூடியவை' என்று பட்டியல் போட்டது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 20 முதல் 39 வயதுவரை உள்ள பெண்கள் 2040க்குள் பாதிக்கும் கீழே குறைவார்கள் என்றால் அந்த ஊர் பட்டியலில். ஆண்கள் எத்தனை பேர் போனாலும் கணக்கில் வராது. டோக்கியோவுக்குள்ளேயே தொஷிமா என்ற வட்டாரம் பட்டியலில் மாட்டிக்கொண்டது. கூட்டம் நெரியும் இகெபுகுரோ ரயில் நிலையம் இருக்கும் இடம். அவமானத்தில் துடித்து எழுந்த தொஷிமா, இளம் பெண்களை அழைத்து உட்காரவைத்து உங்களுக்கு இங்கே என்ன குறை என்று கேட்டது, பூங்காக்களைச் சீர்திருத்தியது, குழந்தைக் காப்பகங்களைக் கூட்டியது. 2024இல் வந்த புதுப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. திட்டாமல் கேட்டதால் கிடைத்த பலன்.

மாமியாரிடம் சொல்ல ஒரு பெரியவர் வேண்டுமென்றால் பெரியார் இருக்கிறார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடை பற்றிய கட்டுரை உண்டு. மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்றபோது, அவர் பெண் விடுதலைக்காக வேண்டும் என்றார். அதன்படி பார்த்தால் நாட்டுக்கு ஆள் அதிகம் என்றாலும் சரி, குறைவு என்றாலும் சரி, பெறுவதா வேண்டாமா என்பது அவள் பாடு. மாமியார் பெரியார் கட்சி இல்லையென்றால், எத்தனை பெற ஆசைப்பட்டீர்கள், எத்தனை பெற்றீர்கள் என்று அவரையே கேளுங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பும். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்பது நல்லது.

யாழ்ப்பாண வாசகர்: எங்கட பக்கம் 'இடப்பெயர்வு' எண்டுதான் சொல்லுவம். அதையும் உங்கட கணக்கில சேர்ப்பியளோ?

கட்டாயம். 'இடம்பெயர்ந்தோர்' என்பதைச் சற்று நின்று பாருங்கள். பெயர்தல் தன்வினை. தாமாக நகர்ந்தது போல இருக்கிறது. 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் லட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாதையில் நடந்தது, ராணுவம் நெருங்கியதாலும் வெளியேறச் சொல்லி வந்த உத்தரவாலும். அவர்கள் பெயரவில்லை, பெயர்க்கப்பட்டார்கள்.

அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1990 அக்டோபரில், வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ் நகரத்தில் கொடுத்த அவகாசம் 2 மணி நேரம். தமிழ் பேசியவர்களைத் தமிழ் பேசியவர்கள் அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு 'குடி நீக்கி' என்பதைத் தவிர வேறு சொல் பொருந்தாது. இதை எழுதினால் சிலர் கடிதம் போடுவார்கள் என்று தெரியும். போடட்டும்.

கோத்தகிரி வாசகர்: என் அப்பாவின் அட்டையில் 'தாயகம் திரும்பியவர்' என்று போட்டிருக்கிறது. அவர் பிறந்தது பதுளையில். அவர் எங்கே திரும்பினார்?

எங்கேயும் திரும்பவில்லை, அனுப்பப்பட்டார். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 9,75,000 மலையகத் தமிழரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாக வெட்டினார்கள். தேயிலை பறித்தவர்களை யாரும் கேட்கவில்லை. அட்டையில் உள்ள சொல்லைப் பற்றி உங்கள் அப்பாவுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள். இடம் ஒதுக்கித் தருகிறேன்.

டேராடூனில் வேலை பார்க்கும் தஞ்சை வாசகர்: இங்கே மலையில் 'பூதியா காவ்', அதாவது பேய்க் கிராமம் என்று காட்டுகிறார்கள். பேய் உண்மையிலேயே உண்டா?

பேய்க்கும் அங்கே பிழைப்பு இல்லை, அதுவும் கீழே இறங்கியிருக்கும். 2011 கணக்கெடுப்பிலேயே உத்தராகண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் ஆள் கிடையாது. அதற்குப் பின் இன்னும் 734 கிராமங்கள் காலியாகிவிட்டதாக அந்த மாநிலத்துப் 'பலாயன்' ஆணையம் 2018இல் சொன்னது. பள்ளிக்கூடம் தூரம், ஆஸ்பத்திரி அதைவிடத் தூரம், விளைந்ததைக் குரங்கும் பன்றியும் தின்னும். பலாயன் என்றால் தப்பியோடுவது. ஓடுவதற்கு ஆணையம் வைத்திருக்கிறீர்களா என்று யாராவது கேட்டிருக்கவேண்டும், பின்னர் பெயரில் 'தடுப்பு' என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்த சொல் வேறு. கர்நாடகம், மகாராஷ்டிரம் பக்கத்து வருவாய்ப் பதிவேடுகளில் ஆளில்லாத கிராமத்தைப் 'பேசிராக்' என்று எழுதுவார்கள். பாரசீகச் சொல். சிராக் என்றால் விளக்கு. விளக்கு இல்லாத ஊர். வரிக்கணக்கு எழுதும் குமாஸ்தா நோட்டில் இப்படி ஒரு சொல்!

திருநெல்வேலி வாசகர்: இந்தியாவில் எப்போதாவது ஜனத்தொகை குறைந்திருக்கிறதா?

1911க்கும் 1921க்கும் நடுவில். 25.2 கோடி 25.1 கோடியாயிற்று. 1918இன் விஷக் காய்ச்சல்தான் முக்கியக் காரணம். அயர்லாந்து இன்னும் மோசம். உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முன், 1841இல் அந்தத் தீவில் 80 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இன்றுவரை அந்த எண்ணை எட்டவில்லை. கிழங்கு அழுகியது பூஞ்சைபோன்ற ஒரு நுண்ணுயிரால். ஜனம் பட்டினி கிடந்தபோதும் துறைமுகத்திலிருந்து தானியக் கப்பல் கிளம்பியது ஆட்களால்.

கோவில்பட்டி வாசகர் (மறுபடியும், இன்லேண்ட் லெட்டரின் பின்பக்கத்தில்): எப்படியும் நழுவுவீர்கள் என்று தெரியும். கடைசியாக ஒரு சொல் தாருங்கள், இல்லையேல் சந்தா கட்.

சந்தா விஷயத்தில் நான் நழுவுவதில்லை. பிழைப்பு தேடிப் போனால் குடிநீங்கல். விரட்டினால் குடிநீக்கல். பிள்ளை குறைந்தால் பிறப்புக் குறைவு. மூன்று சொல் தந்திருக்கிறேன், சந்தா ஒன்றுக்குத்தான்.

பதிலுக்கு நீங்கள் ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் தாலுகாவிலேயே தண்ணீர் இல்லாமலோ பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போயோ காலியான குக்கிராமம் ஒன்றாவது இருக்கும். அதை அக்கம்பக்கத்தார் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? பெரியவர்களைக் கேட்டு, சொல்லையும் ஊர்ப் பெயரையும் ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். வந்தவற்றை அடுத்த இதழிலேயே போடுகிறோம். சினிமா கேள்விகளுக்கு முன்னால்.